முன்னால் வந்து சொல்லு

"ஓடறது பெரிசில்ல. திரும்புன்னு சொன்னா திரும்புவாளா உங்க அக்கா?"

பள்ளிக்கூட மைதானத்தில், விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே பி.டி. சார் என்னிடம் இப்படிக் கேட்டார். நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமை எனக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. யார் என்ன கேட்டாலும் பதில் தெரிந்தவள் மாதிரி பட்டென்று சொல்லிவிடுவேன்.

"திரும்புவா சார்" என்றேன்.

அவர் சிரித்தார். அவர் சிரித்ததில் நியாயம் இருந்தது.

எங்கள் ஊர் அடி அண்ணாமலை. அப்பா மற்ற நாட்களில் கூலி வேலைக்குப் போவார். பௌர்ணமி வந்தால் கிரிவலப் பாதையில் சோடாக் கடை போடுவார். டவுனிலிருந்து சோடா பாட்டில் பெட்டியை சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவது அக்காவின் வேலை. அந்த சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. ஒரு நாள் சாயங்காலம், டீக்கடையிலிருந்து வெளியே வந்த பி.டி. சார், பெட்டியும் அக்காவுமாக ஒரு சைக்கிள் சரிவில் தன்னை நோக்கி இறங்கி வருவதைப் பார்த்தார். அவள் மணியை அடித்துக்கொண்டே வந்தாள். சார் பள்ளத்தில் குதித்தார். "ஏய், நில்லு!" என்று அவர் கத்தியது தெருவுக்கே கேட்டதாம். அவள் நிற்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு பாட்டில்கூட உடையாமல் வீடு வந்து சேர்ந்தாள்.

மறுநாள் சார் வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா கட்டவில்லை.

"நான் பெல் அடிச்சேன் இல்ல சார்? பிரேக்கு இல்லாதவ வேற இன்னா பண்ணுவா?"

"விழுந்தவன் செத்தானா பொழைச்சானான்னு திரும்பிப் பாக்க வேணாமா?"

"திரும்பிப் பாத்திருந்தா நானும் உங்க மேலதான் சார் விழுந்திருப்பேன்."

சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் நல்ல மனுஷர். ஆனால் அதற்குப் பிறகு அக்காவின் பேரை எடுத்தாலே முழங்காலைத் தடவிக்கொள்வார்.

அக்காவைப் பற்றி ஒரே வரியில் சொல்லச் சொன்னால் அவள் திரும்ப மாட்டாள் என்றுதான் சொல்வேன். வீட்டை விட்டுக் கிளம்புகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். கூப்பிட்டுவிட்டால் கொஞ்சம் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். அக்காவுக்கு எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியும் கிளம்புவதுதான். மலையடிவாரத்துக்குப் புல்லறுக்கப் போகிறவள் அரிவாளை மறந்து வந்துவிட்டால், திரும்பி வந்து எடுக்க மாட்டாள். கையாலேயே பிடுங்கிக் கட்டுவாள். சாயங்காலம் உள்ளங்கை கீறல் கீறலாக இருக்கும். கடைக்குப் போகிறவளிடம் அம்மா எதையாவது கூடுதலாகச் சொல்ல நினைத்தால், பக்கத்து வீட்டு வேலியைத் தாண்டி, மாட்டுக் கொட்டகையைச் சுற்றி, மூச்சு வாங்க அவளுக்கு எதிரே போய் நிற்க வேண்டும். "உப்பு... உப்பும் வாங்கிக்கினு வாடி!"

தெரியாமல் நான் பின்னாலிருந்து கூப்பிட்டுவிட்டால், முதுகுதான் எனக்குப் பதில் சொல்லும்.

"பின்னால இருந்து கூப்டாதடி. முன்னால வந்து சொல்லு."

ஒருமுறை வேட்டவலத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்கு முறுக்கு கொடுத்துவிட்டு வரச்சொல்லி அம்மா அனுப்பினாள். அக்காவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், ஆனால் பஸ் போர்டைப் படிக்கிற அளவுக்குப் பொறுமை வராது. பஸ் ஸ்டாண்டில் செங்கம் பஸ்ஸில் ஏறிவிட்டாள். திசையே நேர் எதிர். கண்டக்டர் பாதி வழியில்தான் கண்டுபிடித்து, இறங்கித் திரும்பிப் போகச் சொன்னார். அக்கா இறங்கவில்லை. செங்கத்தில் அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம் ஒருவர் இருந்தார். அவர் வீட்டைத் தேடிப் போய், முறுக்கைக் கொடுத்து, சோறு தின்றுவிட்டு வந்தாள்.

"மலை சோத்தாங்கைப் பக்கமா வந்துச்சு. சரியாத்தான் போவுதுன்னு ஒக்காந்துட்டேன்" என்றாள் வீட்டில்.

எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு அதுதான் கணக்கு. நடக்கப் பழகிய நாளிலிருந்து மலையை வலது கைப் பக்கம் வைத்துத்தான் சுற்றுகிறோம். மலை வலப்பக்கம் இருந்தால் வழி சரி. பஸ்ஸுக்கும் அது பொருந்தும் என்று நினைத்தது அக்கா ஒருத்திதான்.

இப்படிப்பட்டவளைத்தான் நான் ஓட்டப் பந்தயத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

மலையில் மரம் நடுகிற வெளியூர்க்காரர்கள் சிலர், மாவட்ட விளையாட்டு அலுவலகத்தோடு சேர்ந்து பெண்களுக்கு ஒரு மலைப்பாதை ஓட்டம் வைத்தார்கள். ஒரு வீட்டிலிருந்து அக்கா தங்கையாக இரண்டு பேர் ஓட வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து கோட்டைத் தாண்டினால்தான் கணக்கு. முதல் மூன்று ஜோடிக்கு மாவட்ட அளவுச் சான்றிதழ். அது இருந்தால் உடற்கல்வி ஆசிரியர் பயிற்சியில் எனக்கு இடம் நிச்சயம் என்றார் சார். அந்த வருஷ மாவட்டப் போட்டியின்போது எனக்கு அம்மை போட்டு வேப்பிலையில் படுத்துக் கிடந்தேன். அதனால் எனக்கு இருந்தது இந்த ஓட்டம் ஒன்றுதான்.

அப்பாவும் தெளிவாகச் சொல்லியிருந்தார். "சீட்டு கெடச்சா போ, நான் தடுக்க மாட்டேன். கெடைக்கலன்னா அக்காவுக்குப் பாத்த மாதிரி உனக்கும் பாத்துடுவேன்."

அக்காவுக்குப் பார்த்து முடிந்திருந்தது. தை மாதத்தில் கல்யாணம். மாப்பிள்ளை செங்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். ஓட்டம் மார்கழியில். நிச்சயமான பெண் ஊர் பார்க்க ஓடினால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று அப்பா தயங்கினார். ஆனால் அதற்கு முன்பே அக்கா என்னிடம் ஓடுகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

"சொல்லிட்டேம்பா" என்றாள் அப்பாவிடம். அவ்வளவுதான். அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் பேசிப் பயனில்லை என்று அப்பாவுக்குத் தெரியும்.

அம்மாவின் கவலை வேறு. "நெறமாசக்காரி மாதிரி அடி மேல அடி வெச்சு சுத்த வேண்டிய மலைடி அது. நாய் தொரத்தற மாதிரி ஓடப் போறீங்களே, சாமி பாத்துக்கினு இருக்குமா?"

"சாமி பாத்தா பாக்கட்டும். நாங்க இன்னா திருடிக்கினா ஓடறோம்?" என்றாள் அக்கா.

ஓட்டத்தன்று காலையில் தூறல் விட்டிருந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில்தான் தொடக்கமும் முடிவும். வெளியூர் ஜோடிகள் ஷூ போட்டு வந்திருந்தார்கள். நான் சாரிடம் இரவல் வாங்கிய கேன்வாஸ் ஷூ போட்டிருந்தேன். அக்கா பாவாடை தாவணியில், தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு நின்றாள். மலைமேல் செருப்புக் காலை வைக்க மாட்டாளாம்.

வெளியூர்க்காரர் ஒருவர் மைக்கில் வழியை விளக்கினார். ஏரிக்கரை வழியாகப் போய், பாறைக் குன்று ஏறி இறங்கி, முள்காட்டுக்குள் நேராக மலையடிவாரத்துக்கு ஏற வேண்டும். அங்கே மலையைச் சுற்றிப் போகிற ஒற்றையடிப் பாதை குறுக்கே வரும். அதில் வலது பக்கம் திரும்ப வேண்டும். "அதற்கப்புறம் கடைசி வரைக்கும் மலை உங்கள் இடது கைப் பக்கமே இருக்கும். சுண்ணாம்பில் அம்புக்குறி போட்டிருக்கிறோம்" என்றார். வலம் வருகிற பக்தர்களின் முதுகில் போய் மோதாமல், எதிரே பார்த்து ஓடுவதற்காக அப்படி ஏற்பாடாம். உள்ளூர்ப் பெண்கள் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. வந்தவர்களின் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டேன்.

விசில் அடித்ததும் அக்கா கிளம்பினாள். ஏரிக்கரையில் நாங்கள் ஏழோ எட்டோ ஜோடிகளுக்குப் பின்னால் இருந்தோம். பாறைக் குன்றில்தான் முன்னேறினோம். ஷூக்காரப் பெண்கள் ஈரப் பாறையில் வழுக்கிக்கொண்டு கையை ஊன்றி ஊன்றி ஏறினார்கள். அக்கா தலையில் புல்லுக்கட்டு இல்லையே என்கிற சந்தோஷத்தில் தாவினாள். நான் அவள் குதிகாலைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். குன்றை இறங்கியபோது எங்களுக்கு முன்னால் இரண்டே ஜோடிகள். இரண்டும் வெளியூர். முள்காட்டுக்குள் நுழைந்த பிறகு அவர்களும் கண்ணில் படவில்லை.

ஒற்றையடிப் பாதை வந்தது. எதிரே மலை. ஓர் ஆட்டு மந்தை அப்போதுதான் அந்த இடத்தைக் கடந்து போயிருந்தது. தூறலில் ஊறிய சுண்ணாம்பை ஆடுகள் மிதித்துச் சேறாக்கிவிட்டிருந்தன. அம்பு இல்லை. அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இடது பக்கம் திரும்பினாள். மலை அவள் வலது கைக்கு வந்தது. என் காலும் கேட்காமலே அவள் பின்னால் திரும்பியது.

நன்றாகத்தான் இருந்தது. பாதை பழகிய பாதை. மூச்சு சீராக வந்தது. இதைவிடச் சரியாக எதையும் செய்ததில்லை என்று உடம்பு சொல்லியது. அப்படித் தோன்றியதுதான் என்னைச் சுருக்கென்று தைத்தது. மலை வலது பக்கம் இருக்கிறது. வலது பக்கம் இருக்கவே கூடாது.

"அக்கா" என்று கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். மூடிக்கொண்டேன். கூப்பிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த முதுகு இன்னும் வேகமாகப் போகும்.

பிறந்ததிலிருந்து ஒருமுறைகூட நான் அவளை முந்தியதில்லை. பாதையோ ஒருவர் போகிற அகலம். பக்கத்தில் முள். நான் முள்ளுக்குள் இறங்கினேன். என் தாவணி கிழிந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை முள் கோடு போட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடி, ஒரு பாறையில் ஏறி, அவளுக்கு எதிரே குதித்தேன்.

என்மேல் மோதிக்கொண்டு நின்றாள். "இன்னாடி?"

"வழி தப்புக்கா. மலை பீச்சாங்கைப் பக்கம் வரணும்."

"பீச்சாங்கைப் பக்கமா? சாவு வூட்லதான்டி அப்படிச் சுத்துவாங்க."

"மைக்ல சொன்னாங்க."

"மைக்குக்கு இன்னா தெரியும்?"

"மைக்குக்குத் தெரியலன்னா போவட்டும்க்கா. எனக்கு சீட்டு வேணும். இப்படியே போனா டவுனுக்குத்தான் போவோம். திரும்பு."

திரும்பு என்று அவளிடம் அதுவரை யாரும் வழிமறித்து எதிரே நின்று சொல்லியிருக்க மாட்டார்கள். சொன்னவர்கள் எல்லாரும் அவள் முதுகிடம் சொன்னார்கள். அவள் என்னைப் பார்த்தாள். என் கையில் வழிகிற ரத்தத்தைப் பார்த்தாள். என்னைத் தள்ளிவிட்டுப் போகப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் மலையைப் பார்த்து நின்று, கன்னத்தில் படபடவென்று போட்டுக்கொண்டாள்.

"மன்னிச்சிக்கோப்பா. இவளுக்கோசரம்" என்றாள். திரும்பினாள்.

ஓடத் தொடங்கிக் கொஞ்ச தூரம் போவதற்குள், எதிரே எங்கள் ஊர் ஜோடிகள் இரண்டு மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தன. மலையை வலது பக்கம் வைத்துக்கொண்டுதான்.

"இன்னாடி, தோத்துட்டுத் திரும்பறீங்களா?" என்று கேட்டாள் ஒருத்தி.

"வழி தப்புடி. திரும்புங்க, திரும்புங்க!" என்று அக்கா கத்தினாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. முதல் மூன்று ஜோடிக்குத்தான் சான்றிதழ். "ஏன்க்கா சொன்ன?"

"பின்ன? எதிர்ல வந்தவகிட்ட சொல்லாம எப்படிடி போறது?"

அதற்கு மேல் பேச மூச்சில்லை. முகட்டில் ஏறும்போது பின்னால் அந்த ஜோடிகளின் கொலுசுச் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. நான் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். அக்கா பார்க்கவில்லை. மலை அவள் இடது கைப் பக்கம் இருந்தது. பார்க்கக்கூடாத எதையோ கடந்து போகிறவள் மாதிரி அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பாமல் ஓடினாள். இறக்கத்தில் என் கால் மடங்கியது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். மைதானத்துக் கோடு வரைக்கும் விடவில்லை.

மூன்றாவதாக வந்தோம். எங்களுக்குப் பின்னால், நாங்கள் திருப்பிவிட்ட ஜோடி ஒன்று கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் வந்து சேர்ந்தது.

சார் கோட்டருகே நின்றிருந்தார். அம்பு அழிந்துபோன சேதி அவருக்கு அதற்குள் வந்திருந்தது. "திரும்பினாளா?" என்றார்.

"திரும்பினா சார். முன்னால போய்ச் சொன்னேன்."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா மைதானத்துக் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். "அடேங்கப்பா" என்று முழங்காலைத் தடவிக்கொண்டார்.

அன்று மத்தியானம் படுத்த அக்கா எழுந்ததும் என்னை உலுக்கினாள். "வா, சுத்திட்டு வந்துடலாம்." எனக்குக் கால் வீங்கியிருந்தது. அவள் விடவில்லை. காலையில் இடது பக்கமாக ஓடியதற்குச் சாயங்காலம் முறையாக வலம் வந்தாக வேண்டும். அம்மா சொன்ன மாதிரியே, நிறைமாதக்காரியாக அடி மேல் அடி வைத்து நடந்தாள். அவள் அவ்வளவு மெதுவாக நடந்து நான் பார்த்ததேயில்லை. மலையை வலது கைப் பக்கம் வைத்து நடக்க நடக்க அவள் முகம் தெளிந்தது. டவுனுக்குள் நுழைந்து, கோபுரம் தெரிகிற இடத்தில், எதையும் பார்க்காமல் சொன்னாள்.

"அஞ்சாவது படிக்கறப்ப அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்து என்னைக் கூட்டிக்கினு போச்சு இல்ல? நான் வெளிய வந்துட்டேன். டீச்சர் வாசல்ல நின்னு கூப்டாங்க. மூணு வாட்டி கூப்டாங்க. பின்னால இருந்துதான்."

நான் வீங்கிய காலை இழுத்துக்கொண்டு கூடவே நடந்தேன்.

"முன்னால வந்து நின்னு இருந்தாங்கன்னா நான் போயிருக்க மாட்டேன்டி."

பிறகு கற்பூரம் வாங்கினாள். சூடம் கொளுத்திக் கும்பிட்டாள். அந்தப் பேச்சை அவள் மறுபடி எடுத்ததேயில்லை.

தையில் கல்யாணம் ஆயிற்று. வண்டி ஏறும்போது அம்மா கதறினாள். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கு இடம் கிடைத்தது. படித்தேன். இப்போது திருவண்ணாமலையிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் விசிலை நான் சுற்றுகிறேன்.

அக்கா வீட்டுக்காரர் கட்டட வேலைக்கு பெங்களூர் போனவர், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். வருஷங்கள் ஆகிவிட்டன. அக்கா அந்தக் கிராமத்தில், மாமனார் நிலத்தில் சோற்றுக்கு உழைத்துக்கொண்டு இருக்கிறாள். பிள்ளை இல்லை. அவளுக்கு என்று சொல்ல இரண்டு மாடு இருக்கிறது, அதுவும் அம்மா கொடுத்த மாட்டின் வழி வந்தது. அப்பா போனில் "வந்துடும்மா" என்கிறார். அம்மா அழுகிறாள். நானும் போனில் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன்.

"போன வழியே திரும்பி வர்றவ நான் இல்லடி. ஒனக்குத் தெரியாதா?" என்பாள். சிரிப்பாள். போனை வைத்துவிடுவாள்.

எனக்குத் தெரியும். எது அவளை எனக்குப் பிடித்தவளாக்கியதோ, அதுதான் அவளை அங்கே கட்டிப் போட்டிருக்கிறது. சொல்லிச் சொல்லிச் சலித்தபிறகுதான் உறைத்தது. போனில் கூப்பிடுவதும் பின்னாலிருந்து கூப்பிடுவதுதான்.

அடி அண்ணாமலையிலேயே ஒரு வீடு வாடகைக்குப் பிடித்தேன். இரண்டு அறை. பின்னால் மாடு கட்ட ஒரு கொட்டகை. தீவனத் தொட்டியைக் கழுவி வைத்தேன். சாவியை வாங்கிக்கொண்டு, போன ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் செங்கம் பஸ் ஏறினேன். மலை சோத்தாங்கைப் பக்கமாக வந்தது.

அவள் ஊரில் நான் இறங்கியபோது உச்சி வெயில். ரோட்டை விட்டு இறங்கினால் வயல். தூரத்து வரப்பில் ஒரு புல்லுக்கட்டு போய்க்கொண்டிருந்தது. தலை தெரியவில்லை, முகம் தெரியவில்லை. அந்த நடையை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். உடம்பு இளைத்திருந்தது. வேகம் குறையவில்லை.

வாய்வரைக்கும் வந்துவிட்டது, அக்கா என்று. விழுங்கிக்கொண்டேன்.

வரப்பு ஒருவர் நடக்கிற அகலம்தான். இரண்டு பக்கமும் நாற்று விட்ட சேறு. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சேற்றில் இறங்கி அவளை முந்த ஓடத் தொடங்கினேன்.